பொஸ்னியாவில் அரசுச் சொத்து யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொஸ்னியா-ஹெர்ஸகோவினாவில் போர் 1995இல் முடிந்தது. பழைய யுகோஸ்லாவிய அரசின் கையில் இருந்த காடு, விளைநிலம், ஆற்றங்கரை, படைமுகாம், அலுவலகக் கட்டடம் ஆகியவை யாருடையவை என்ற தகராறு இன்னும் முடியவில்லை. இதைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது ஒரே இடத்தில்தான். உரிமையாளர் யார் என்பது ஒரு கேள்வி. அந்தச் சொத்தை எந்த நிர்வாகம் எதற்குப் பயன்படுத்துவது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு 2012இலேயே நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு இன்றுவரை சட்டம் இல்லை. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு எப்படிப் பிரிந்திருக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டனில் பேசி முடித்து, டிசம்பர் 14இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை இன்றைய அமைப்பை உருவாக்கியது. ஒரே நாடு, அதற்குள் இரண்டு அலகுகள். ஒன்று பொஸ்னியா-ஹெர்ஸகோவினா கூட்டமைப்பு. நிலப்பரப்பில் 51 விழுக்காடு அதற்கு ஒதுக்கப்பட்டது, அதற்குள் கண்டோன் என்னும் 10 உட்பிரிவுகள். மற்றது செர்பியர் பெரும்பான்மையாக வாழும் ஸ்ர்ப்ஸ்கா குடியரசு. அதற்கு 49 விழுக்காடு. நடுவர் தீர்ப்பால் உருவான பிர்ச்கோ மாவட்டம் தனி. மேலே ஒரு மத்திய அரசு இருக்கிறது, அதன் அதிகாரப் பட்டியல் சிறியது. உடன்படிக்கையின் 4ஆம் இணைப்புதான் நாட்டின் அரசியலமைப்பு. 10ஆம் இணைப்பின்படி, உடன்படிக்கை நடைமுறையாவதைக் கண்காணிக்க உயர் பிரதிநிதி என்ற பன்னாட்டுப் பதவி உண்டு. 1997 டிசம்பரில் பான் நகரில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு அவரால் சட்டம் பிறப்பிக்கவும் அதிகாரிகளை நீக்கவும் முடிகிறது.

அரசியலமைப்பில் சொத்து பற்றி என்ன எழுதியிருக்கிறது?

நேரடியாக ஒன்றுமே இல்லை. தகராறின் வேர் இதுதான். போரை நிறுத்தும் அவசரத்தில் எல்லைக்கோடும் ஆட்சி அதிகாரமும் பேசப்பட்டன. பழைய குடியரசின் பெயரில் இருந்த நிலம் எந்த மட்டத்துக்குப் போகும் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அந்த மௌனத்தை இரு தரப்பும் இரு விதமாகப் படிக்கின்றன. ஸ்ர்ப்ஸ்கா ஆட்சியின் இருப்பிடமான பன்யா லூகா, அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின் 3ஆம் பத்தியைக் காட்டுகிறது. மத்திய அமைப்புகளுக்கு வெளிப்படையாகத் தரப்படாத அதிகாரங்கள் எல்லாம் அலகுகளுக்கு என்று அது சொல்கிறது. சொத்து மத்தியப் பட்டியலில் இல்லை, ஆகவே எங்கள் பகுதியில் உள்ளது எங்களுடையது என்பது அவர்கள் வாதம். நாட்டின் தலைநகரான சரயேவோ முதல் பிரிவைக் காட்டுகிறது. பழைய பொஸ்னியா-ஹெர்ஸகோவினா குடியரசு மறையவில்லை, உள் அமைப்பு மட்டும் மாறிப் பன்னாட்டுச் சட்டப்படி அதே நாடாகத் தொடர்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறது. நாடு அதேதான் என்றால் அதன் சொத்தும் அதனுடையதுதான் என்பது இந்த வாதம்.

‘அரசுச் சொத்து’ என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

அரசுச் சொத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுத் தடைச்சட்டத்தின் வரையறையைத்தான் எல்லோரும் அடிப்படையாக எடுக்கிறார்கள். அது அசையாச் சொத்தை இரண்டு வகையாகப் பார்க்கிறது.

முதல் வகை, பழைய யுகோஸ்லாவியக் கூட்டாட்சியின் சொத்து. அதன் வாரிசு நாடுகள் ஐந்தும் 2001 ஜூன் 29இல் வியன்னாவில் கையெழுத்திட்ட வாரிசுரிமை உடன்படிக்கை 2004 ஜூன் 2இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சியின் அசையாச் சொத்து எந்த நாட்டின் நிலத்தில் நிற்கிறதோ அந்த நாட்டுக்குப் போகும் என்று அதன் முதல் இணைப்பு சொல்கிறது. யுகோஸ்லாவியப் படையின் முகாம்கள் பெரும்பாலும் இந்த வழியில் வருகின்றன. கவனிக்க வேண்டியது, அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பாக இருப்பது பொஸ்னியா-ஹெர்ஸகோவினா என்ற நாடு. அலகுகள் அதில் தரப்பே அல்ல.

இரண்டாம் வகை, 1991 டிசம்பர் 31 வரை பழைய பொஸ்னியா-ஹெர்ஸகோவினா சோஷலிசக் குடியரசுக்கு ஆளவும் கையாளவும் உரிமை இருந்த சொத்து. சட்டம் பிறந்த நாளில் அது எந்த மட்டத்து அரசின் கையில் இருந்தாலும், எந்தப் பொது அமைப்பின் பெயரில் இருந்தாலும் இதில் அடங்கும். நடைமுறையில் அதிகம் சிக்குவது இந்த வகைதான், ஏனெனில் இதில் நிலத்தின் இன்றைய பதிவைவிட 1991 முடிவில் இருந்த நிலை முக்கியம்.

சோஷலிச காலத்துச் ‘சமூக உடைமை’ இதில் எங்கே பொருந்துகிறது?

யுகோஸ்லாவியாவில் நகர நிலமும் ஆலையும் பெரும்பாலும் அரசின் பெயரிலோ தனியார் பெயரிலோ இல்லை; சமுதாயம் முழுவதற்கும் பொதுவான உடைமையாகப் பதிவாயின. நகராட்சியோ நிறுவனமோ படையோ அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் வைத்திருந்தது. போர் நடந்தபோதே அந்தந்தப் பகுதியை ஆண்டவர்கள் இந்த உடைமையை அரசுடைமையாக மாற்றிச் சட்டம் போட்டார்கள். ஸ்ர்ப்ஸ்காவில் அதை அந்த அலகே தன் பெயரில் எடுத்துக்கொண்டது. சரயேவோவில் இருந்த குடியரசும் 1994இல் தன் சட்டத்தைப் போட்டது. ஒரே வகை நிலத்துக்கு இரண்டு சட்டக் கதைகள் பிறந்தது அப்படித்தான். இதோடு நிறுவனத் தனியார்மயமும் சேர்ந்துகொண்டதால், ஒரு மனையின் பூர்வீகத்தைக் காகிதம் காகிதமாகப் பின்னோக்கிப் போய்த்தான் சொல்ல முடியும்.

2005 தடைச்சட்டம் என்ன செய்கிறது?

அன்றைய உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன் 2005 மார்ச்சில் மூன்று சட்டங்களைப் பிறப்பித்தார்: மத்திய அரசுக்கு ஒன்று, இரண்டு அலகுகளுக்கும் ஒவ்வொன்று. நிரந்தரப் பங்கீட்டுச் சட்டம் வரும்வரை அரசுச் சொத்தின் உரிமையை நேராகவோ சுற்றுவழியிலோ யாருக்கும் மாற்றக் கூடாது. மீறிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. உண்மையான தேவை உள்ள இடங்களில், அரசுச் சொத்து ஆணையத்தின் வழியே விலக்குப் பெறலாம். அந்த ஆணையத்தில் மத்திய அரசுக்கும் அலகுகளுக்கும் பிர்ச்கோவுக்கும் ஆட்கள் உண்டு.

முதலில் குறுகிய காலத்துக்கென்று வந்த தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2008 முதல், ஏற்கத்தக்க நிலையான தீர்வு வரும்வரை என்று காலவரம்பின்றி நிற்கிறது.

தடை யாருக்கும் உரிமை தரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அது நிலத்தை அப்படியே உறையவைக்கிறது, அவ்வளவே. பதிவேட்டில் நகராட்சி பெயர் இருந்தால் அது அப்படியே இருக்கும். விற்க மட்டும் முடியாது. ‘தடை இருக்கிறது, ஆகவே மத்திய அரசு பெயரில் ஏறிவிட்டது’ என்று எழுதும் செய்திகள் தவறு.

பிறகு ஏன் விற்பனைகள் நடந்ததாகக் கேள்விப்படுகிறோம்?

தடைச்சட்டத்துக்குப் பதிவேட்டில் தானாகத் தெரியும் முத்திரை கிடையாது. ஒரு மனை அரசுச் சொத்து என்று குறிப்பு ஏற்றப்படாவிட்டால், பதிவாளரின் கண்ணுக்கு அது சாதாரண மனை.

வழக்கமாகத் தப்பிப்போகும் வழிகள் சில. நகராட்சி முதலில் தன்னை உரிமையாளராகப் பதிந்துகொள்ளும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் புதிய பதிவைக் காட்டி விற்கும். வாங்குபவர் கடைசிப் பதிவை மட்டும் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இன்னொன்று, நில அளவைத் தரவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துப் புதிய பதிவேடு திறக்கும் நடைமுறை. அந்த நேரத்தில், நாட்டின் சார்பில் வழக்காடும் மத்திய அரசின் சட்டத்தரணி அலுவலகம் வந்து ஆட்சேபிக்காவிட்டால், கையில் வைத்திருப்பவர் பெயரே உரிமையாளர் பெயராக ஏறிவிடும். ஆயிரக்கணக்கான மனைகள் இப்படி ஒரே மூச்சில் மாறக்கூடும் என்பதால், தனித்தனி விற்பனைகளைவிட இதைத்தான் நாங்கள் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறோம். இவை தவிர நிலப் பரிமாற்றம், நிறுவனத்தில் முதலீட்டுப் பங்காக நிலத்தை எழுதிவைப்பது, நிலத்தையோ ஆற்றையோ பயன்படுத்தக் கொடுக்கும் நீண்டகாலச் சலுகை ஒப்பந்தம் ஆகியவையும் உண்டு.

சலுகை ஒப்பந்தத்தில் ஓர் உண்மையான சட்டச் சிக்கல் இருக்கிறது. அது உரிமையை மாற்றுவதில்லை, பயன்பாட்டை மட்டும் தருகிறது என்பார்கள். ஆனால் ஆற்றின் குறுக்கே அணை கட்டப் பல பத்தாண்டுக்குக் கொடுத்துவிட்டால் மீட்க என்ன மிச்சம் இருக்கும்? ஃபோச்சாவுக்கு அருகே த்ரினா ஆற்றில் திட்டமிட்ட புக் பியெலா நீர்மின் நிலையம் இதற்கு எடுத்துக்காட்டு. ஸ்ர்ப்ஸ்கா தானே கொடுத்த சலுகையை எதிர்த்து மத்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசுக்கும் அலகுக்கும் இடையே தகராறு இருக்கிறது, மத்தியச் சலுகை ஆணையம் அதைத் தீர்க்க வேண்டும் என்று 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

உரிமையாளர் யார் என்று நீதிமன்றம் எப்போது சொன்னது?

2012 ஜூலை 13. வழக்கு எண் யு-1/11.

பின்னணி இது. 2010 செப்டம்பரில் ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம், தன் பகுதியில் தடைக்குள் இருக்கும் சொத்தெல்லாம் தன்னுடையது என்று சட்டம் போட்டது. அடுத்த ஜனவரியில் உயர் பிரதிநிதி வாலென்டின் இன்ஸ்கோ அதை நிறுத்திவைத்தார். மத்திய நாடாளுமன்ற மேலவையின் துணைத் தலைவராக இருந்த சுலைமான் திஹிச் வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றத்தின் வாதம் மூன்று படிகளில் நகர்கிறது. நாடு தொடர்கிறது என்று முதல் பிரிவு சொல்வதால் பழைய குடியரசின் சொத்துக்கு உரிமையாளர் நாடுதான். நாட்டின் அரசமைப்பையும் மத்திய அமைப்புகளின் முடிவுகளையும் அலகுகள் மதித்து நடக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவே சொல்வதால், எஞ்சிய அதிகாரம் தங்களுக்கு என்ற வாதம் இங்கே செல்லாது. தன் கடமையைச் செய்யத் தேவையான மற்ற விஷயங்களிலும் மத்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 4ஆம் பிரிவு சொல்வதால், சொத்துச் சட்டம் போடும் அதிகாரம் அதற்கே.

தீர்ப்பின் இன்னொரு பகுதி போதிய கவனம் பெறவில்லை. அரசுச் சொத்து இரண்டு வேலை செய்கிறது என்று நீதிமன்றம் விளக்கியது. ஒன்று, ஆட்சி நடத்தத் தேவையான கட்டடம், கருவி போன்றவை. மற்றது, கடல்நீர், ஆறு, ஏரி, மலை, போக்குவரத்து வலைப்பின்னல் போலச் சந்தையில் விலைபேசக் கூடாத பொதுநலப் பொருள்கள். பின்னால் காடு பற்றியும் விளைநிலம் பற்றியும் வந்த தீர்ப்புகள் இந்த இரண்டாம் வகையில் காலூன்றி நிற்கின்றன.

அந்தப் பின்வந்த தீர்ப்புகள் எவை?

2020 பிப்ரவரியில் யு-8/19. ஸ்ர்ப்ஸ்கா விளைநிலச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அரசின் பெயரில் இருந்த விளைநிலத்தை அந்த அலகுக்கு மாற்றியது. நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த மாதமே பன்யா லூகாவில் சட்டமன்றம் கூடி, மத்திய அமைப்புகளில் உள்ள தன் பிரதிநிதிகள் முடிவெடுப்பதிலிருந்து விலக வேண்டும் என்று தீர்மானித்தது. 2021 செப்டம்பர் 23இல் யு-4/21 காட்டுச் சட்டத்தை அதே வகையில் தள்ளியது.

2022 பிப்ரவரி 10இல் ஸ்ர்ப்ஸ்கா வேறு வழியில் முயன்றது. பொது நிர்வாகத்துக்குப் பயன்படும் அசையாச் சொத்து என்ற பெயரில் புதுச் சட்டம் வந்தது. உயர் பிரதிநிதி கிறிஸ்டியான் ஷ்மிட் ஏப்ரல் 12இல் அதை நிறுத்தினார். செப்டம்பரில் யு-10/22 அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ அதே சட்டத்தை அதே சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 பிப்ரவரி 27இல் ஷ்மிட் மறுபடி நிறுத்தினார்.

தீர்ப்பு இறுதியானது என்றால் ஏன் நடைமுறையாகவில்லை?

முதல் காரணம், தீர்ப்பு ஒரு சட்டத்தை இல்லாமலாக்கும். பதிவேட்டில் பெயரை அது மாற்றாது. பெயர் மாற ஒவ்வொரு மனைக்கும் விண்ணப்பமோ வழக்கோ வேண்டும்.

இரண்டாவது, நாடாளுமன்றம். கீழவையில் 42 பேர்: 28 பேர் கூட்டமைப்பிலிருந்து, 14 பேர் ஸ்ர்ப்ஸ்காவிலிருந்து. மேலவையில் 15 பேர், போஸ்னியாக், குரோவேசியர், செர்பியர் என மூன்று இனத்துக்கும் ஐந்தைந்து. எந்தச் சட்டத்துக்கும் ஒவ்வோர் அலகின் உறுப்பினரிடமிருந்தும் மூன்றில் ஒரு பங்கு ஆதரவு தேடப்படும். அது கிடைக்காமல், ஓர் அலகின் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தால் சட்டம் விழும். இதற்கு மேல், தங்கள் இனத்துக்குக் கேடு என்று சொல்லி ஓர் இனத்தின் உறுப்பினர்கள் சட்டத்தைத் தடுக்கும் ‘இன்றியமையா இன நலன்’ என்ற வழியும் உண்டு. ஸ்ர்ப்ஸ்கா கட்சிகள் விரும்பாத சொத்துச் சட்டம் இந்த வழியில் நுழைய முடியாது. சரயேவோ விரும்பாததும் அப்படியே. தடை நிற்கும்வரை சும்மா இருப்பதில் யாருக்கும் உடனடி நட்டம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் நிலை. ஒன்பது நீதிபதிகளில் நால்வரைக் கூட்டமைப்பின் கீழவையும் இருவரை ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றமும் தெரிவு செய்கின்றன; மூவரை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தலைவர் நியமிக்கிறார், அவர்கள் பொஸ்னியாவையோ அண்டை நாட்டையோ சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. சொத்துத் தீர்ப்புகளுக்குப் பிறகு, வெளிநாட்டு நீதிபதிகள் வெளியேற வேண்டும் என்ற கோரிக்கையைப் பன்யா லூகா விடாமல் வைத்தது. தன் பங்கு இடங்கள் காலியானபோது நிரப்பவும் மறுத்தது. 2023 ஜூனில், அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகள் தன் பகுதியில் செல்லாது என்றே ஒரு சட்டம் போட்டது. உயர் பிரதிநிதி அதை ரத்து செய்தார். உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறிச் சட்டங்களில் கையெழுத்திட்டதற்காக ஸ்ர்ப்ஸ்கா தலைவர் மிலோராட் டோடிக்குக்கு 2025 பிப்ரவரியில் தண்டனை விதிக்கப்பட்டு, ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் உறுதியானது, பதவியும் போனது.

பன்யா லூகாவின் வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது, அதை மதித்துத்தான் பேச வேண்டும். அரசியலமைப்பு உண்மையிலேயே மௌனமாக இருக்கிறது. சாலை, பள்ளி, காடு, நீர் ஆகியவற்றை நிர்வகிப்பது அலகுகளே. நிர்வகிப்பவரிடம் நிலம் இல்லாவிட்டால் நிர்வாகம் நடக்காது என்ற கவலை பொய்யல்ல. ஷ்மிட் 2021இல் பதவியேற்றபோது ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லை என்பதைக் காட்டி அவர் பதவியையே ஏற்க மறுக்கிறார்கள். ரஷ்யாவும் அதே நிலையில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கவலைக்கு மருந்து பங்கீட்டுச் சட்டம். உரிமையாளர் நாடுதான் என்று சொன்ன தீர்ப்பு, நாடு தன் சொத்தைப் பகிர்ந்துகொடுப்பதைத் தடுக்கவில்லை. முதலில் நாட்டின் பெயரில் பதிந்து, பிறகு சட்டப்படி அலகுக்கோ நகராட்சிக்கோ கொடுப்பதுதான் நேர்வழி. அந்த முதல் படியை ஏற்காமல் இரண்டாம் படியை மட்டும் தானே எடுத்துக்கொள்ள முயன்றதால்தான் ஒவ்வொரு சட்டமும் விழுந்தது.

பங்கீடு எப்படி இருக்கலாம் என்று பேசப்பட்டது?

மூன்று கொள்கைகள் மேசைக்கு வந்தன. எல்லைப்படி: எந்த அலகில் நிற்கிறதோ அதற்கு. பணிப்படி: எந்த மட்டத்து அரசுக்கு வேலை செய்யத் தேவையோ அதற்கு. மூன்றாவது, எல்லாம் நாட்டின் பெயரில், பயன்பாட்டு உரிமை மட்டும் மற்றவர்களுக்கு. 2008 நவம்பரில் ப்ருட் கிராமத்தில் டோடிக், திஹிச், குரோவேசியர் கட்சித் தலைவர் சோவிச் மூவரும் பேசியதில் அரசுச் சொத்தும் இருந்தது. 2012 மார்ச்சில் ஆறு கட்சித் தலைவர்கள் பணிப்படியான பங்கீட்டுக் கொள்கையில் கையெழுத்திட்டார்கள்: மத்திய அமைப்புகளுக்குத் தேவையானது நாட்டுக்கு, மற்றது கீழ்மட்டங்களுக்கு. நான்கு மாதத்தில் யு-1/11 வந்தது. தீர்ப்பின் அடித்தளத்தில் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியிருக்கலாம். யாரும் அதைச் செய்யவில்லை, சட்டமும் வரவில்லை. இந்த வரலாற்றிலேயே தவறவிட்ட சிறந்த வாய்ப்பு அதுதான் என்று நினைக்கிறோம்.

எந்தச் சட்டத்துக்கும் முன்னால் முழு இருப்புப் பட்டியல் வேண்டும். 2009இல் உயர் பிரதிநிதி அலுவலகம் அப்படி ஒரு பட்டியலைத் தயாரித்தது, ஆனால் அது அலுவலகக் கட்டடம், முகாம் போன்றவற்றைத்தான் நன்றாகப் பிடித்தது. காட்டையும் விளைநிலத்தையும் மனை எண்ணோடு எண்ணி முடிக்காமல் பங்கிட உட்கார்ந்தால், எதைப் பங்கிடுகிறோம் என்பதே தெரியாது.

படைமுகாம்களின் கதை ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

அதற்கு வெளியிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. 2006 ஜனவரி 1 முதல் நாட்டுக்கு ஒரே படை, ஒரே பாதுகாப்பு அமைச்சு. பாதுகாப்புக்குத் தேவையான அசையாச் சொத்தெல்லாம் நாட்டின் பெயரில் பதிவாக வேண்டும் என்ற நிபந்தனையை 2010 ஏப்ரலில் டாலின் கூட்டத்தில் நேட்டோ வைத்தது. 63 இடங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூட்டமைப்புப் பகுதியில் பல இடங்கள் பதிவாயின. ஸ்ர்ப்ஸ்காவில் பதிவு அலுவலகம் மறுத்தது.

ஹான் பியெசாக் அருகே உள்ள வெலிகி ஜெப் முகாம் முன்னோடி வழக்கானது. பதிவு மறுக்கப்பட்டதும் மத்தியச் சட்டத்தரணி அலுவலகம் பொஸ்னியா-ஹெர்ஸகோவினா நீதிமன்றத்துக்குப் போனது. நாட்டின் பெயரில் பதிய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்துப் போன முறையீடு அரசியலமைப்பு நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. பொதுச் சொத்துச் சட்டம் இல்லாமலேயே மனை மனையாக வழக்காடி வெல்ல முடியும் என்று இது காட்டியது. ஒரு முகாமுக்கே இத்தனை ஆண்டு என்றால் மற்றவற்றுக்கு எத்தனை ஆண்டு என்ற கேள்வியையும் அது எழுப்பியது.

ஒரு மனை அரசுச் சொத்தா என்று சரிபார்ப்பது எப்படி?

முதலில் இரண்டு பதிவேடுகள் இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி 1880களில் தொடங்கிய நிலப் புத்தகம் உரிமையாளரைச் சொல்லும். நில அளவைப் பதிவேடு, அதாவது கடாஸ்தர், யார் கையில் வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலப் புத்தகம் பல இடங்களில் புதுப்பிக்கப்படவே இல்லை. ஆகவே இரண்டும் ஒத்துப்போகாதது சாதாரணம். மனை எண்கூட இரண்டிலும் வேறாக இருக்கும். கூட்டமைப்பில் நிலப் புத்தகம் நகராட்சி நீதிமன்றங்களின் பொறுப்பு. ஸ்ர்ப்ஸ்காவில் இரண்டையும் பன்யா லூகாவில் தலைமையகம் உள்ள நில அளவை நிர்வாகம் பார்க்கிறது.

அடுத்த வேலை, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் சான்றை வாங்குவது. இது இல்லாமல் எடுத்த நகல் வேறொரு மனையின் நகலாக இருக்கக்கூடும்.

பிறகு நிலப் புத்தகத்தின் வரலாற்று நகலைக் கேளுங்கள். இன்றைய நகல் போதாது. அதில் மூன்று தாள் உண்டு: முதல் தாளில் மனையின் விவரம், இரண்டாவதில் உரிமையாளர், மூன்றாவதில் அடமானம் முதலான சுமைகள். இரண்டாவது தாளில் 1991 டிசம்பர் 31இல் என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. ‘ட்ருஷ்த்வெனா ஸ்வோயினா’ என்றால் சமூக உடைமை. அதோடு யாருக்குப் பயன்பாட்டு உரிமை என்றும் எழுதியிருக்கும். ‘ட்ர்ஜாவ்னா ஸ்வோயினா’ அரசுடைமை. ‘ஒப்ஷ்தெனாரோத்னா இமோவினா’ போருக்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகளின் மக்கள் சொத்து. ‘எரார்’ என்று கண்டால் அது ஆஸ்திரிய-ஹங்கேரிக் கருவூலம். காட்டு நிலங்களில் அடிக்கடி வரும். இவற்றில் எது இருந்தாலும் நின்று விசாரிக்க வேண்டும்.

1992க்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், எந்த ஆவணத்தின்படி மாறியது என்று பதிவுக் கோப்பில் உள்ள மூலப் பத்திரத்தைப் படியுங்கள். ‘சட்டத்தின்படி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சட்டம், அது நீதிமன்றத்தில் விழுந்த சட்டமா என்று பாருங்கள். கடைசியாக, மத்தியச் சட்டத்தரணி அலுவலகத்திடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். நோட்டரி முன் ஒப்பந்தம் போட்டதே பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். செல்லாத ஒப்பந்தத்தை நோட்டரி முத்திரை செல்லுபடியாக்காது.

தெரியாமல் வாங்கிவிட்டால்?

1978இல் வந்து இன்றும் பயன்பாட்டில் உள்ள கடமைகள் சட்டத்தின்படி, செல்லாத ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லக் காலவரம்பு இல்லை. அக்கறை உள்ள எவரும் கேட்கலாம். நீதிமன்றம் தானாகவும் கவனிக்கும். எனவே ‘வாங்கிப் பதினைந்து ஆண்டாகிவிட்டது’ என்பது மட்டும் காக்காது. வாங்கியதைத் திருப்பித் தரும் கடமை இரு பக்கத்துக்கும் உண்டு. விற்ற நகராட்சியிடம் பணத்தைக் கேட்கலாம். கட்டிய வீட்டுக்கும் செய்த செலவுக்கும் தனி வழக்கு. நீண்டகால அனுபவத்தால் உரிமை வந்துவிட்டது என்று வாதிட நினைத்தால், 1980ஆம் ஆண்டு உடைமைச் சட்டம் சமூக உடைமை மீது அப்படி உரிமை பெறுவதைத் தடுத்ததை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தை வாதத்தில் சேர்த்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகும்.

அகதிகள் இழந்த வீடுகளும் இதே தகராறா?

இல்லை. அது டேட்டன் 7ஆம் இணைப்பின் கீழ் வேறு வேலை. ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் உரியவரிடம் திரும்பின. பெரும்பகுதி 2006க்குள் முடிந்தது. சோஷலிச அரசு 1945க்குப் பிறகு பறித்த தனியார் நிலத்தைத் திருப்பித் தருவது மூன்றாவது விஷயம். அதற்கு நாடு தழுவிய சட்டம் இன்னும் வரவில்லை. அரசுச் சொத்தை அலகுகள் கைமாற்றினால், நாளை அந்தச் சட்டம் வரும்போது பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பித் தர நிலமே இருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் உள்ள சொத்து?

யுகோஸ்லாவியத் தூதரகக் கட்டடங்களில் வாரிசுரிமை உடன்படிக்கைப்படி பொஸ்னியாவுக்கு 15 விழுக்காடு, வெளிநாட்டு நிதிச் சொத்தில் 15.5 விழுக்காடு. இவற்றில் அலகுகளுக்குள் பெரிய சண்டை இல்லை. குரோவேசியக் கடற்கரையில் பொஸ்னிய நிறுவனங்களுக்கு இருந்த ஓய்வு விடுதிகள் வேறு சங்கதி. உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு தனிநபர், நிறுவன உரிமைகளை 1990 டிசம்பர் 31இல் இருந்தபடி மதிக்கச் சொல்கிறது. ஆனாலும் பல விடுதிகள் பூட்டிக் கிடந்து சிதைகின்றன.

தீர்வு இல்லாததால் அன்றாடத்தில் என்ன பாதிப்பு?

சாலைக்கோ மருத்துவமனைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் தேவைப்படும் நகராட்சி, தன் பெயரில் உள்ள மனையைக்கூடத் தர முடியாமல் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. கடன் தரும் வங்கிகள் சுத்தமான பதிவைக் கேட்கின்றன. உயர் பிரதிநிதி அலுவலகத்தை மூட 2008 பிப்ரவரியில் வகுத்த ஐந்து இலக்குகள், இரண்டு நிபந்தனைகளில் முதல் இலக்கே அரசுச் சொத்து. இரண்டாவது படைச் சொத்து. அந்த அலுவலகம் வேண்டாம் என்று உரக்கச் சொல்பவர்களே, அது மூடப்படுவதற்கான முதல் கதவையும் தாழிட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் செய்தி படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘சட்டம் நிறைவேறியது’ என்ற செய்தி வந்தால் எந்தச் சட்டமன்றம் என்று பாருங்கள். மத்திய நாடாளுமன்றம் அல்லாத எதுவும் உரிமையை மாற்றாது. ‘சட்டம் நிறுத்தப்பட்டது’ என்றால் உயர் பிரதிநிதியின் ஆணையா, நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையா, இறுதித் தீர்ப்பா என்று பிரித்துப் படியுங்கள். முதல் இரண்டும் தற்காலிகம். ‘சொத்து திரும்பியது’ என்றால் பதிவேட்டில் மனை எண்ணோடு பெயர் மாறியதா என்று தேடுங்கள். பெயர் மாறாதவரை அந்த மனையில் எதுவும் மாறவில்லை.